வெண்மதி கொடுத்த பாட்டில்கள்

வெண்மதிக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்கு அப்போதுதான் வாய் திறக்கும். அதனால் அவள் கதையை நான் சொல்கிறேன். சிதம்பரத்து நீர் ஆய்வகம் ஒன்றில் பதினோரு வருடம் அவளோடு வேலை பார்த்தவள் நான்.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். அங்கே முதல் இன்ஜினியர் அவள்தான். சென்னையில் நல்ல வேலை கிடைத்தும் போகவில்லை. ஊர்க் கைப்பம்பில் ரசாயன வாடையோடு தண்ணீர் வந்தது. குழாய்த் தண்ணீர் வாங்கித் தராமல் நகரமாட்டேன் என்றாள். பிழைக்கத் தெரியாதவள் என்று கேலி செய்வேன்.

போன வருடம் வாய்ப்பு வந்தது. தண்ணீர் கெட்டுப்போன ஊர்களுக்குத்தான் முதலில் குழாய் என்று அரசுக் குழு ஒன்று அறிவித்து, எங்களிடம் அறிக்கை கேட்டது. விடிந்ததும் முதலில் அடிக்கிற தண்ணீர்தான் சோதனைக்கு வேண்டும். அதனால் முந்தின நாளே இருபது வீடுகளுக்குப் பழுப்பு பாட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பாட்டில் நம்பரை மட்டும் பார்த்துச் சோதித்தது நான். இருபதும் குடிக்க ஏற்றது என்று அறிக்கை போனது. பட்டியலில் அந்த ஊர் இல்லை.

பதறிக்கொண்டு ஊருக்கு ஓடினோம். அவள் அத்தை மங்கலம் சிரித்த முகமாகச் சொன்னாள்:

"நம்ம ஊட்டுப் பொண்ணு வந்து தண்ணி கேக்குது, அந்த நாத்தத் தண்ணியவா புடிச்சிக் குடுப்பாங்க? எல்லாரும் கேன் தண்ணிதான் ஊத்தனோம். ஒங்க ஆபீசுல நம்ம ஊர எவனும் கேவலமா பேசக் கூடாதுல்ல?"

வெண்மதி அன்று இரவு அங்கேயே தங்கினாள். மறுநாள் விடியற்காலையில் தானே பம்படித்துத் தண்ணீர் பிடித்தாள். ஈயம் அனுமதித்த அளவைப் போல் மூன்று மடங்கு இருந்தது.

கடலூரில் குழுத் தலைவர் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எதும்மா பொய்?"

"முதல் அறிக்கை சார். பக்கத்துல நின்னு பிடிக்காதது என் தப்பு."

"ஒரு தடவ தப்பு பண்ணவங்க ரெண்டாவது தடவ சரியா பண்ணீங்கன்னு எப்படி நம்புறது? லிஸ்ட் முடிஞ்சாச்சு."

அந்த மாதமே ஆய்வகம் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. அறிக்கையில் என் கையெழுத்தும் இருந்தது, என்னை யாரும் கேட்கவில்லை.

குழாய் வராது என்று அவள் ஊரில் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"பாத்துப் பாத்து நல்ல தண்ணியா குடுத்தோம்," என்று மங்கலம் அழுதாள். "நீதான்டி எங்கியோ கெடுத்துட்ட."

நான் வாயைத் திறந்தேன். வெண்மதி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமா அத்த," என்றாள். "நான்தான்."