ஹிசாயோவின் நான்காவது வாரம்

மாதத்தில் மூன்று வாரம் தலையாட்டுகிறவளும் ஒரு வாரம் சீறுகிறவளும் ஒரே பெண்தான் என்றால், இருவரில் யாருடைய சொல் செல்லும்?

ஜப்பானில், செண்டாய் ரயில்நிலையத்தை ஒட்டிய மருந்துக்கடையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கீழ்த்தட்டின் முன் குந்தியிருந்து அட்டைப்பெட்டிகளைப் படித்துக்கொண்டிருக்கும் ஹிசாயோவுக்கு இதற்கு விடை தெரியாது. அவள் கணவன் ஃபுமிஹிகோவுக்குத் தெரியும்.

ஹிசாயோவுக்கு நாற்பத்தொரு வயது. நகரப் பேருந்து நிறுவனத்தில் தொலைந்த பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கறுப்புக் குடையைத் தொலைத்தவர் வந்து, கறுப்புக் குடைகளின் குவியலில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கும்வரை முகம் சுளிக்காமல் நிற்பாள். அந்தப் பொறுமைக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மட்டும் விடுமுறை. மார்பு கனக்கும், தலை வலிக்கும், செருப்பு இறுக்கும். போதாக்குறைக்கு உண்மையும் பேச வரும்.

"குளியல் தொட்டிய நீங்க கடைசியா எப்பக் கழுவினீங்க?"

ஃபுமிஹிகோ கோபப்படுகிற ஆள் இல்லை. சுவரில் உள்ள நாள்காட்டியைப் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கனிவோடு கேட்பான்: "மருந்து சாப்பிட்டியா?" தன்னைப்போல் மனைவியைப் புரிந்துகொண்டவன் அலுவலகத்திலேயே இல்லை என்பது அவன் எண்ணம். தொட்டி அப்படியேதான் இருக்கும்.

கடையில் அந்தத் தட்டு மட்டும் இளஞ்சிவப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெண், வலியிலும் அழகு குலையாமல் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். எந்தப் பெட்டியிலும் கணவன் படம் இல்லை. வயிற்றில் ஒட்டும் சூட்டுப்பட்டை, சோயா மிட்டாய், மூலிகைத் தேநீர் என்று எல்லாவற்றையும் எடுத்துப் படித்து, இருந்த கோணத்திலேயே திருப்பி வைப்பது ஹிசாயோவின் வழக்கம். பெட்டிகளோடு பேசவும் செய்வாள். கசப்புப் பொடிப் பெட்டி ஒன்று, 'உடல்வலு நடுத்தரம் அல்லது அதற்குக் குறைவு. தோள் இறுக்கமும் சிடுசிடுப்பும் உள்ளவர்களுக்கு' என்றது.

"நான் எப்படிப்பட்டவள்னு நீயாவது கேக்கறியே" என்று அதனிடம் சொன்னாள்.

இந்த முறை தேர்வில் தவறக்கூடாது. அடுத்த மாதக் கடைசியில் ஃபுமிஹிகோவின் தம்பி நோரியாகி, சொந்த ஊரான யோகோதேயிலிருந்து முடிவு கேட்க வருகிறான். அங்கே ஆப்பிள் தோட்டம் இருக்கிறது. விழுந்து இடுப்பொடிந்த மாமனார் இருக்கிறார். ஆள் உயரப் பனி இருக்கிறது. மூத்தவனும் மனைவியும் வந்துவிட வேண்டும். அவள் வேலையை விடவேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அளவுக்கு அது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை.

முதலில் கேட்டது ஒரு நல்ல வாரத்தில். "ம்ம், பாக்கலாம்" என்றாள். அதைச் சம்மதம் என்று ஃபுமிஹிகோ ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான். சீறுகிற அந்த நான்காவது வாரத்தில் அவள் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "இப்ப வேணாம்மா, அடுத்த வாரம் பேசுவோம்" என்றான். அடுத்த வாரம் அவள் தலையாட்டினாள். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. நோரியாகி வரும் ஞாயிறோ சரியாக நான்காவது வாரத்தில் விழுந்தது.

"அதுக்குள்ள நல்ல மருந்தாப் பாத்து வாங்கிக்கோ. தம்பி முன்னாடி அந்த மாதிரி வேணாம்."

கடைசியில் அவள் எடுத்தது வெறும் பெட்டி. அதைக் காட்டினால்தான் மருந்தாளுநர் உள்ளேயிருந்து மாத்திரையை எடுத்துத் தருவார். நம் நொச்சியின் உறவுக்காரச் செடி ஒன்றின் பழத்திலிருந்து செய்தது.

"உடனே தெரியாதுங்க. ஒரு மாசமாவது விடாம சாப்பிட்டுப் பாருங்க" என்றாள் மருந்தாளுநர் குவாபாரா.

"எதெல்லாம் போகும்?"

"தலைவலி, மார்பு வலி, எரிச்சல்..."

"எரிச்சல் மட்டும் போகுமா, இல்ல அபிப்பிராயமும் சேந்து போயிடுமா?"

குவாபாரா விளக்கத்தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "அதப்பத்தி இதுல ஒண்ணும் போடலீங்க." பிறகு மருந்தைக் காகிதப் பையிலிட்டு ஒட்டி, அதை ஒரு கறுப்புப் பையிலும் போட்டுக் கொடுத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்படி மறைப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

குறை சொல்லக்கூடாது, ஹிசாயோவுக்கு அந்த மருந்து வேலை செய்தது. அந்த ஞாயிறு தலைவலி இல்லை, செருப்பு இறுக்கவில்லை. பனி அள்ளப்போய்ப் பனியிலேயே புதைந்த பக்கத்துவீட்டுக்காரர் கதையை நோரியாகி சொன்னபோது கண்ணில் நீர்வரச் சிரித்தாள். அவன் கொண்டுவந்த ஆப்பிள்களைத் தோல் சீவி நறுக்கி வைத்தாள். மருந்தைத் தானே கண்டுபிடித்தவன்போல் ஃபுமிஹிகோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அப்ப அண்ணி, பனி உருகறதுக்குள்ள வந்துடுவீங்கல்ல?"

"இல்ல தம்பி. நான் வரல."

குரல் உயரவில்லை. முகத்தில் சிரிப்புகூட இருந்தது. ஃபுமிஹிகோ நாள்காட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"மருந்து சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ஒரு நாள்கூட விடல."

"அப்புறம் ஏன்?"

அத்தனை மாதங்களாக அவன் கேட்காத கேள்வி அது. காரணங்களை அவள் எப்போதோ சொல்லி முடித்திருந்தாள். அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. தட்டைக் கொழுந்தன் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துக்கோங்க தம்பி. வெட்டி வெச்சா கறுத்துடும்."