பர்வீனுக்கு எழுதிய கண்ணீர் அஞ்சலி

ஃப்ளெக்ஸ் மெஷினிலிருந்து சூடாக இறங்கும் ஷீட்டுக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் புது ரெக்சினும் கலந்த மாதிரி. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர்சாதத்திலும் அதுதான் அடிக்கும்.

புதுக்கோட்டையில் ஒரு டிசைன் கடை. திருச்சியில் எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். பொன்னமராவதியிலிருந்து தினமும் பஸ். பக்கத்து கம்ப்யூட்டரில் பர்வீன். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாம் அவளுக்கு. கண்ணீர் அஞ்சலி எனக்கு.

"நீ தமிழ் படிச்ச புள்ள. பிழையில்லாம சாகடிப்ப" என்றார் முதலாளி.

பிஎச்.டி. நுழைவுத் தேர்வில் நான் தேறவில்லை என்று தெரிந்தது ஒரு மதியம். அழலாம் என்றுதான் நினைத்தேன். கடையில் கூட்டம். புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து எனக்கே ஒரு அஞ்சலி டைப் செய்தேன்.

'வருங்காலப் பேராசிரியர்.
தோற்றம்: ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா பாராட்டிய அன்று.
மறைவு: இன்று, ரிசல்ட் பார்க்கையில்.
அன்னாரது உடல் மாலை ஐந்தரை மணி பொன்னமராவதி பஸ்ஸில் நின்றபடியே எடுத்துச் செல்லப்படும்.'

பர்வீன் எட்டிப் பார்த்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

"அடியே... நின்னுக்கிட்டே போற மய்யத்த இப்பத்தான்டி பாக்குறேன்!"

அப்புறம் அது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. எது முடிந்தாலும் ஒரு அஞ்சலி. அவள் முடியை வெட்டிக்கொண்டபோது பின்னலுக்கு. என்னைப் பெண் பார்த்துவிட்டு, "போயி சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்களிடமிருந்து தகவலே வராதபோது, அவர்கள் சாப்பிட்ட கேசரிக்கு. 'துயருறும்: மீதமிருந்த பஜ்ஜி.'

ப்ரூஃப் பார்க்கிற சாக்கில் ஏ4 தாளில் அச்செடுத்து வாசிப்போம். பிறகு வேஸ்ட் பெட்டியில் போட்டுவிடுவோம்.

பர்வீனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. மூன்று மாதத்தில் அவளும் போய்விடுவாள்.

"எனக்கு நல்லதா ஒன்னு போடுடி. எங்க ஆளுகளுக்குத்தான் போஸ்டரே கெடையாதே. பள்ளிவாசல் மைக்குல ஒரு தடவ சொல்லிட்டு முடிச்சிருவாக."

போட்டேன். படம் அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

'தோற்றம்: இந்தக் கடைக்கு வந்த அன்று.
மறைவு: நிக்காஹ் அன்று காலை பதினொரு மணி, பெரியவர்கள் சம்மதம் கேட்கத் தலையாட்டிய சில நொடிகளில்.
துயருறும்: பாதி பாக்கெட் மிக்சர், நான்.'

பத்து மணி என்று போட்டிருந்தேன். பதினொன்று என்று திருத்தியது அவள்தான். சிரித்தாள். கடைசி வரியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கல்யாணப் பத்திரிகையையும் எங்கள் கடையிலேயே அடித்தோம். பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி, வேஸ்ட் தாளில் சுற்றிக் கொடுப்பது கடை வழக்கம். அச்சுள்ள பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. அன்று சுற்றியது நான். பர்வீன் வீட்டுக் கட்டாயிற்றே என்று பெட்டியில் துழாவி, மேலாக இருந்த சுருக்கமில்லாத தாளாகப் பார்த்து எடுத்தேன். அச்சுப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் அம்மா கடைக்கு வந்தார். கையில் அந்தத் தாள். பின்னால் பர்வீன்.

"கல்யாணப் புள்ள போட்டோவுக்குக் கீழ மறைவுன்னு போட்டிருக்கே... யாரு பாத்த வேலை இது? ஒங்க வீட்டுல யாரும் வாழலையா?"

முதலாளி வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். "ஏத்தா... போனவுகளுக்கு எழுதச் சொன்னா, இருக்கவுகளுக்குமா எழுதுவ?"

"நான்தாம்மா. சும்மா வெளையாட்டுக்கு..." என்றேன்.

"நல்ல வெளையாட்டு! மொத பத்திரிகைய எடுப்போம்னு கட்டப் பிரிச்சா இது வந்து நிக்குது. அவ அத்தா காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல." பர்வீன் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமாடி இது?"

நானும் பர்வீனைப் பார்த்தேன்.

"தெரியாதும்மா."

மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

அவளைக் குறை சொல்ல முடியாது. பதினைந்து நாளில் கல்யாணம். தெரியும் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குள் எப்படி இருப்பாள்... இதை நான் எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நியாயமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு அவள் கடைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. எனக்குப் பத்திரிகையும் வரவில்லை. அதைப் பிழை திருத்தியதே நான். தேதி, மண்டபம் எல்லாம் மனப்பாடம்.

கல்யாணத்தன்று ஆவூரில் இறந்துபோன ஒரு பெரியவருக்கு அஞ்சலி செய்துகொண்டிருந்தேன். திரையின் மூலையில் மணி பத்து ஐம்பத்தொன்பது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்று ஆனது.

நான் எழுதியபடியே நடந்தது.

இப்போது சென்னையில் இருக்கிறேன். விளம்பர வாசகம் எழுதுகிற வேலை. இது மூன்றாவது ஆபீஸ். அவள் வாட்ஸ்அப் படத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. பெயர் தெரியாது.

எது முடிந்தாலும் இப்போதும் எழுதிவிடுகிறேன். போன வாரம் அறையைக் காலி செய்தபோதுகூட, பூஞ்சை பிடித்த அந்தச் சுவருக்கு ஒன்று. நன்றாகவே வந்திருக்கிறது. கடையில் எழுதியதை எல்லாம் விட இப்போது எழுதுவது எவ்வளவோ மேல்.

அந்தக் கடையில் எழுதி முடித்ததும், பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்க்க வசதியாக, உட்கார்ந்தபடியே இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொள்வேன்.

இப்போதும் நகர்ந்துகொள்கிறேன்.