கிணற்றடிப் படத்தில் அக்காவின் கண்கள்

அந்தப் படத்தில் அக்காவின் இடது கண் வலது கண்ணைவிடச் சற்றுப் பெரியது. நிஜத்தில் அவளுக்கு அப்படி இல்லை. ஸ்டுடியோக்காரர் மெல்லிய தூரிகையால் வரைந்தபோது நேர்ந்த பிசகு. படம் எடுத்த நேரத்தில் அவள் கண்கள் மூடியிருந்தன. உயிர் போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

அப்போதெல்லாம் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குப் படம் பிடிக்க ஆள் வருவது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். தெருவையோ கிணற்றையோ படம் எடுத்து வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமல் இருக்க மார்போடு ஒரு துணியைக் கட்டி, வெளிச்சமான இடத்தில் எடுப்பார்கள். கேட்டால் பிறகு கண்களையும் திறந்ததுபோல வரைந்து கொடுப்பார்கள். எங்கள் தெருவில் வெளிச்சமான இடம் கிணற்றடி. அக்காவுக்குப் புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்தார்கள். மாலையைக் கழற்றச் சொன்னது அம்மா. வேறு படமே இல்லாத பெண், இதிலாவது உயிரோடு இருக்கட்டும் என்றாள். கட்டிய துணியை முந்தானை மறைத்தது. அழுதவர்கள் எல்லோரும் ஸ்டுடியோக்காரருக்குப் பின்னால் நின்றோம். அதனால் படத்தில் அழுகையே இல்லை. அக்கா, கிணறு, ராட்டினம், பின்னால் நாலைந்து ஓலை வீடுகள், அவ்வளவுதான்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பதினொன்று. நான் வாய் திறக்காதவள். கடையில் எனக்காக அக்காதான் பேசுவாள், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடமும் அவளே பேசுவாள். "இவ வாய்க்கும் சேத்து நானே பேசினுகீறேன், எனக்கு ரெண்டு சோறு போடு" என்று அம்மாவிடம் சண்டை போடுவாள். ஒரு நாள் காலையில் கிணற்றடியில் அவள் முகம் கழுவும்போது பார்த்தேன்.

"அக்கா, உன் கண்ணு மஞ்சளா கீது."

"இன்னாடி, எல்லா நாளும் ஊமையா இருந்துட்டு இன்னிக்குதான் வாய் தெறக்குற? அம்மாகிட்ட சொன்னே, தோலை உரிச்சிடுவேன். கோவளம் போயிட்டு வந்து நானே சொல்லிக்கிறேன்."

அந்த வாரம் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பஸ்ஸில் கோவளம் போவதாக இருந்தது. அக்கா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் அம்மா விடமாட்டாள். நான் சொல்லவில்லை. அவள் போனாள். முழங்கால் வரை புடவை நனைந்து, சிரித்துக்கொண்டே திரும்பினாள். மறுநாள் எழுந்திருக்கவில்லை. காமாலை முற்றிவிட்டது என்றார் டாக்டர். "முன்னாடியே யாரும் கவனிக்கலையா?" என்று அவர் கேட்டபோது நான் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அம்மா சாகும்வரைகூட அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

கிணறு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கிருக்கும் பெண்களுக்கு நான் பிளவுஸ் தைக்கிறேன். போன மாதம் குடியிருப்புச் சங்கச் செயலாளர், இந்தப் பகுதியின் பழைய படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறோம் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தார். கிணறு தெரியும் படம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. எங்கள் அக்கா என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். பெரிதாக்கி ஹாலில் மாட்டினார்கள். கீழே "பொங்கல் நாளில் கிணற்றடியில் ஓர் இளம்பெண்" என்று எழுதியிருந்தது.

"ஆன்ட்டி, உங்க அக்கா என்னா கெத்தா உக்காந்திருக்காங்க!" என்று ஒரு பெண் அதனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். செயலாளரும் வந்தார். "ஞாயித்துக்கிழமை ஃபங்ஷனுக்கு அவங்களைக் கூட்டிட்டு வந்துடும்மா. மேடையில சால்வை போடணும். வருவாங்கல்ல?"

நான் தலையாட்டிவிட்டேன். என் பழக்கம் அப்படி.

மூன்று நாள் துணி வெட்ட முடியவில்லை. பிழையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அம்மா ஆசைப்பட்டதுபோல அக்கா உயிரோடுதானே இருக்கிறாள் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் மேடையில் கூப்பிடுவார்களே. எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்களே. ஞாயிறு காலை, நாற்காலி போடுவதற்கு முன்பே போனேன்.

"சார், அது பொங்கல் இல்ல. அக்கா செத்த அன்னிக்கு எடுத்தது."

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ, மன்னிச்சுக்கம்மா. இப்பவே எடுத்துடச் சொல்றேன்."

"எடுக்காதீங்க சார். கண்ணு மட்டும்தான் வரைஞ்சது. மத்ததெல்லாம் அவதான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. "அவ கண்ணு மஞ்சளா இருந்துச்சு சார். நான்தான் மொதல்ல பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லல."

அவர் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார். பிறகு ஒரு அட்டையும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவின் பெயரை எழுதினேன். வயதை எழுதினேன். தினமும் இந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவள் என்று எழுதினேன். இறந்த அன்று எடுத்த படம் என்பதையும் எழுதினேன்.

படம் இப்போது திரும்பி வந்து என் தையல் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறது. இடது கண் பெரிதாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் அந்தக் கண்களைத் தவிர்த்துக் கிணற்றைப் பார்ப்பேன். இப்போது கண்களைப் பார்க்கிறேன். தூரிகை வெள்ளையாக விட்ட இடத்தில், கறுப்பு வெள்ளைப் படத்தில், மஞ்சள் தெரிகிறது. இத்தனை வருடம் அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.