பாலத்தடியில் பஞ்சு லாரி

வழியில் எந்த வண்டி சிக்கி நின்றாலும் ஹாரனிலிருந்து கையை எடுக்காத லாரி டிரைவராக இருந்தவன் நான்.

அன்று காலை போடியில் இலவம்பஞ்சு மூட்டைகளை ஏற்றி, உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் லாரிப் பலகையிலிருந்து கயிற்றால் அளந்தேன். முந்தைய வாரம் நனைந்த தேங்காய் மட்டை அதே உயரத்தில் ரயில் பாலத்தைக் கடந்து போனதே என்ற தைரியம். அந்தக் கனத்தில் லாரி அமுங்கியிருந்ததை யோசிக்கவில்லை.

ஆண்டிபட்டி பக்கத்து அந்த ரயில் பாலத்தடியில் முக்கால்வாசிக்கு மேல் நுழைந்ததும், பின்வரிசை மூட்டைகள் மேலே பாலத்தில் இறுகிக்கொண்டன. லாரி எந்தப் பக்கமும் நகரவில்லை. இருபுறமும் சுவர்; கதவைத் திறக்கவும் இடமில்லை. பின்னால் வளைகாப்புக்குப் போகும் வேனின் ஹாரன் ஓயவில்லை. வசவுகளைக் கேட்டபடி வியர்த்து உட்கார்ந்திருந்தேன்.

வேனிலிருந்து இறங்கி நின்ற கூட்டத்தில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் கத்தினார்: "ஏலே, அங்கன நின்னு வஞ்சா ஆச்சா? பஞ்சு வண்டி, கனமில்லாம தூக்கி நிக்கிது. எல்லாரும் பின்னால ஏறுங்க, அமுங்கும்!"

திட்டியவர்களே பின்பலகையில் தொற்றிக்கொண்டார்கள். லாரி அமுங்கியது. வேன் பின்வாங்கி இடம் விட, மெல்ல ரிவர்ஸ் எடுத்து வெளியே வந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டியபடி, "மொதல்ல வழிய விடுப்பா" என்றார் அந்த அம்மாள்.

இப்போது தரையிலிருந்துதான் அளக்கிறேன். முன்னால் எவனாவது சிக்கி நின்றால், ஹாரனைத் தொடாமல் இறங்கிப் போகிறேன்.