துபாயில் இருந்த தம்பி

மகளுக்கு வரன் பார்த்தபோது, என் தம்பி துபாயில் இருக்கிறான் என்று சொன்னோம். மகளிடமும் சிறு வயதிலிருந்து அதையே சொல்லி வைத்திருந்தோம். அவனோ திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் வாடகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாரக்கணக்கில் படுத்திருந்தான். அதற்குச் சில மாதம் முன்னால் தி. நகரில் பதினொரு சுவர்க்கடிகாரங்களை வாங்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்து, மூச்சு விடாமல் பேசினான். பெண் கொடுக்கும் இடத்தில் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? மகளுக்குத் திருமணமான மறு வருடம் அவன் அந்த அறையிலேயே இறந்தான். துபாயில் மாரடைப்பு என்றோம்.

பல ஆண்டுகள் கழித்து மகள் படுத்துவிட்டாள். தலை வாரவில்லை, குழந்தையைத் தூக்கவில்லை. அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். சம்பந்தியம்மாவும் வந்தார்.

“குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?”

“எங்க பக்கம் கெடையவே கெடையாது டாக்டர்,” என்று சொல்லிவிட்டு சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார்.

“எங்க பக்கமும் இல்ல,” என்றேன்.

சோர்வுக்கான மாத்திரை கிடைத்தது. மூன்றாவது வாரம் மகள் எழுந்தாள், பாடினாள், சமையலறைச் சுவருக்குத் தானே மஞ்சள் பெயின்ட் அடித்தாள்.

“பாத்தீங்களா சம்பந்தி, பழையபடி ஆயிட்டா!” என்றார் சம்பந்தியம்மா.

ஒரு பேச்சை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும் அந்த வேகம் தம்பியிடம் நான் பார்த்ததுதான். இரண்டு மணி நேரத் தூக்கமே போதும் என்றாள். மருத்துவருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். நான்கு நாட்கள் செய்யவில்லை. ஐந்தாம் நாள் ஸ்கூட்டரில் சிக்னலைத் தாண்டிப் பறந்து, விழுந்து, தோள் எலும்பை முறித்துக்கொண்டாள்.

அன்றுதான் மருத்துவரிடம் தம்பியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப துபாய்?” என்றார் பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா.

மருத்துவர் கோபப்படவில்லை. “சித்தப்பாவுக்கு இந்த ஏத்த எறக்கம் இருந்தா இவங்களுக்கு வந்தே தீரணும்னு இல்ல சார். வேற காரணமும் சேரணும். ஆனா தெரிஞ்சிருந்தா அந்த மாத்திரைய மட்டும் தனியா குடுத்திருக்க மாட்டேன். அதுவே இந்த வேகத்தக் கெளப்பி விட்டுடும்.”

மருந்தை மாற்றினார்கள். சில வாரங்களில் அவள் பேச்சு நிதானத்துக்கு வந்தது. தம்பி துபாயில் இருக்கவே இல்லை என்பதை நானே அவளிடம் சொன்னேன். கையில் கட்டோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வந்தது மொதல்ல சோம்பேறித்தனம், அப்புறம் திமிருன்னுதான் நெனச்சிருந்தேம்பா,” என்றாள்.

பிறகு அவளே கேட்டாள்.

“சித்தப்பாகூட அந்த ரூம்ல யார் இருந்தா?”

“யாரும் இல்லம்மா.”

“நீங்க எப்பவாவது போய்ப் பாத்தீங்களா?”

எங்கள் மயிலாப்பூர் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்தான். போகவில்லை என்றேன்.