ஊர்ப்பேர் கேட்டால் சக்தி போய்விடும்

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் சேரும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவாக மாறிக்கொள்வார்கள். ஒருவர் கதை சொல்லச் சொல்ல, மற்றவர்கள் 'நான் பறக்கிறேன்', 'நான் பாலத்தைத் தாங்கிப் பிடிக்கிறேன்' என்று சொல்லி ஆடும் ஆட்டம். எல்லோருக்கும் ஏழு கழுதை வயதாகிறது, இருந்தாலும் ஆடுகிறார்கள். போன வாரம் எந்தப் புத்தகத்தின் விதிகளை எடுத்துக்கொள்வது என்று பெரிய வாக்குவாதம். டைஸ் உருட்டி, விழுகிற எண்ணுக்கு என்ன சக்தி வருகிறதோ அதை வாங்கிக்கொள்ளச் சொல்லும் புத்தகமா? எல்லோருக்கும் ஒரே அளவு பாயிண்ட் கொடுத்து, வேண்டிய சக்தியை அதில் விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லும் புத்தகமா? பாயிண்ட்தான் நியாயம், எல்லோரும் ஒரே இடத்திலிருந்து ஆரம்பிக்கிறோம் இல்லையா என்றான் ஒரு புண்ணியவான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. டைஸ்தான் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதே வாக்குவாதத்தில் ஒருமுறை நான் பாயிண்டுக்காகச் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது.

விளாங்குடியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள், மேலே அம்மா, அப்பா, நான், தம்பி. அந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் மதுரையில் அப்பா ஏறி இறங்காத படி இல்லை. வாடகை ஒத்துவரும், அட்வான்ஸ் ஒத்துவரும், சாவியைக் கையில் கொடுக்கப் போகிற நேரத்தில் 'சாருக்குச் சொந்த ஊரு எது?' என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பிறகு ஊர், தெரு, குலசாமி என்று நூல் பிடித்துப் போவார்கள். அவ்வளவுதான், வீடு ஏற்கனவே வேறு ஒருவருக்குப் பேசி முடிந்துவிட்டதாகத் திடீரென்று ஞாபகம் வந்துவிடும். விளாங்குடி வீடு, அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லிக் கிடைத்தது. சொல்லிவிட்டவர் என்ன சாதியோ அதே சாதிதான் நாங்களும் என்று வீட்டுக்காரம்மா அவராகவே நினைத்துக்கொண்டார். அப்பா பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, அந்த வீட்டில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும், அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். இன்னொன்று, யாராவது எந்த ஊர் என்று கேட்டால் மதுரை என்று சொல்ல வேண்டும். மதுரையில் எங்கே என்றால், அப்பாவைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். திருவாதவூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம் இருப்பதையோ, அதில் எங்கள் பகுதியைக் காலனி என்று சொல்வார்கள் என்பதையோ வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பெரியவளானால் தெரியும் என்றாள்.

வீட்டுக்காரம்மாவை நாங்கள் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் போட்ட உத்தரவு. குடி வந்த முதல் நாளே முறை வைத்துவிட்டார். நல்ல மனுஷிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். பணியாரம் சுட்டால் எங்களுக்கு இல்லாமல் சாப்பிட மாட்டார். தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அண்ணன். கோடை லீவுக்கு வந்தவர் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட இரண்டு தடிப் புத்தகங்களையும், பட்டை பட்டையாகச் செதுக்கின விநோதமான டைஸ்களையும் கொண்டுவந்தார். ஹாஸ்டலில் ராத்திரி முழுக்க இதுதான் ஆட்டமாம். இங்கே ஆள் கிடைக்காமல் எங்களைப் பிடித்தார். நான், தம்பி, கொட்டாம்பட்டியிலிருந்து லீவுக்கு வந்திருந்த அவருடைய மாமா பையன். கீழ்வீட்டு ஹாலில், ஃபேனுக்கு அடியில், டைல்ஸ் தரையில் உட்கார்ந்து சூப்பர் ஹீரோ ஆனோம்.

முதலில் டைஸ் புத்தகத்தை வைத்து ஆடிப் பார்த்தோம். மாமா பையன் உருட்டினான், மலையைத் தூக்கும் பலம் வந்தது. மறுபடி உருட்டினான், பறக்கும் சக்தி வந்தது. தம்பி உருட்டினான், மீன்களோடு பேசும் சக்தி வந்தது. வைகையில் தண்ணீரே கிடையாது, இவன் எந்த மீனோடு போய்ப் பேசுவான்? அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கு இருட்டில் கண் தெரியும் என்று வந்தது. அது எங்கள் தெருப் பூனைக்கும்தான் தெரியும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இது அநியாயம், இன்னொரு புத்தகத்தை எடுங்கள் என்று சண்டை பிடித்தேன். பாயிண்ட் புத்தகத்தில் ஆரம்பத்தில் எல்லோரும் சமம், யாருக்கும் எதுவும் சும்மா வராது, அதுதான் சரி என்று மூச்சு விடாமல் பேசினேன். மாமா பையன் விடுவானா, டைஸ்தான் வேண்டும் என்றான். தம்பி என் கட்சி. கடைசியில் அண்ணன் பாயிண்ட் புத்தகத்தைத் திறந்து வைத்து, இவள் வக்கீலாகத்தான் வருவாள் என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு இரண்டு சக்தி வேண்டும். ஒன்று பறப்பது. இன்னொன்று, பூட்டிய கதவு எதுவாக இருந்தாலும் கை வைத்தால் திறந்துகொள்ள வேண்டும். இரண்டையும் வாங்கப் பாயிண்ட் போதவில்லை. அதற்கும் அந்தப் புத்தகத்தில் வழி இருந்தது. நம் ஹீரோவுக்கு ஒரு பலவீனத்தை நாமே சொன்னால் கூடுதல் பாயிண்ட் தருவார்கள். எம்புட்டுக்கு எம்புட்டு அடி விழுமோ அம்புட்டுக்கு அம்புட்டு பாயிண்ட் என்று அண்ணன் விளக்கினார். மாமா பையன் தண்ணீர் பட்டால் சக்தி போய்விடும் என்றான், கொஞ்சம் கொடுத்தார். தம்பி பல்லி என்றான், அதற்கும் கொஞ்சம் கிடைத்தது. நான் அப்பாவை நினைத்துக்கொண்டு கோபம் என்றேன். எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்த பெரிய பலவீனம் அப்பாவின் கோபம்தான். கோபம் எல்லாருக்கும் இருக்கிறது, செல்லாது என்றார் அண்ணன். எதிரிக்கு மட்டும் தெரிந்தால் உன்னை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட முடியும், அப்படி ஒன்று இருந்தால் சொல் என்றார்.

என்னிடமா இல்லை?

"யாராச்சும் சொந்த ஊரு எதுன்னு கேட்டா சக்தி போயிரும்ணே" என்றேன்.

அண்ணன் சிரித்தார். இது என்ன கூத்து, ஊரைக் கேட்டால் எப்படிச் சக்தி போகும் என்றார். சொன்னால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்றேன். யார் துரத்துவார்கள்? அது எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும். சரி, நீ சொல்லாமலே இருந்துகொள்ளலாமே, எதிரிக்கு எப்படித் தெரியும், இதற்கெல்லாம் பெரிய பாயிண்ட் தர முடியாது என்றார். எனக்குக் கதவு திறக்க வேண்டும். விடுவேனா?

எங்கள் பெரியப்பா, அதாவது அப்பாவின் சொந்த அண்ணன், கிராமத்திலிருந்து வருவார். வந்தால் தெருவிலேயே, கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் மாடி ஏறுவார். ஒருமுறை ஒரு செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சொன்னாலும் கேட்க மாட்டார், பழகிப்போச்சு என்பார். அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறும். குரலை வெளியே விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவார். அதை நான் அப்படியே அப்பா மாதிரி பல்லைக் கடித்து நடித்துக் காட்டினேன்.

"செருப்ப மேல வந்து கழட்டுண்ணே. நீயே எங்களக் காட்டிக் குடுத்துருவ போல."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மாமா பையனும் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு, இருக்கிறதிலேயே அதிகமான பாயிண்டை எனக்குப் போட்டார். போதும், ஆட்டத்தை ஆரம்பிக்கலாம் என்று அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினார்.

அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றிருந்தது. பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நிலைப்படியில் வந்து நின்றார்.

"ஏத்தா, ஒங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"அக்காவுக்குச் சக்தி போச்சு" என்று மாமா பையன் கைதட்டினான்.

பெரியம்மாவும் ஆட்டத்துக்கு வந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். எதிரியாக வந்திருக்கிறார். எனக்கு ஒரே குஷி. சொல்லிக் கொடுத்தபடியே மதுரை என்றேன். மதுரையில் எங்கிட்டு என்றார். அப்பாவைக் கேளுங்கள் என்றேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. பெரியம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். எதிரி தோற்றுவிட்டாள் என்று நான் அறிவித்தேன். அன்றைக்கு மிச்ச ஆட்டம் முழுவதும் பறந்தேன், கதவு கதவாகத் திறந்தேன்.

மறுநாள் ஆட்டத்துக்குப் போனபோது நன்னாரி சர்பத் வந்தது. அண்ணனுக்கும் மாமா பையனுக்கும் எப்போதும் போல எவர்சில்வர் டம்ளர். எனக்கும் தம்பிக்கும் பூப்போட்ட காகிதக் கப். யாருக்கோ பிறந்தநாள் போலிருக்கிறது, நமக்கு மட்டும் ஸ்பெஷல் என்று தம்பி என் காதில் சொன்னான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாமா பையன் தனக்கும் கப்பில்தான் வேண்டும் என்று அடம்பிடித்து முதுகில் ஒன்று வாங்கினான். நன்றாக இருக்கிறது பெரியம்மா என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆன்ட்டின்னே கூப்பிடுத்தா."

எங்கள் வகுப்பில் பணக்காரப் பிள்ளைகள்தான் ஆன்ட்டி என்பார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. அன்று முழுக்க ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிட்டுத் தள்ளினேன். அண்ணன் தலை குனிந்தபடி டைஸை உருட்டிக்கொண்டிருந்தார். நகரத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று எங்களுக்கு முந்தின நாள் முழுக்கப் பாடம் எடுத்தவர். அடுப்படி பத்தடி தூரம். அங்கே போய் 'அம்மா, ஏன் இப்படிச் செய்யுற' என்று ஒரு வார்த்தை கேட்க அந்த இரண்டு தடிப் புத்தகத்திலும் அவருக்கு விதி கிடைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அவர் மீது எனக்குக் கோபம் வருகிறது. பெரியம்மா மீதுகூட அவ்வளவு இல்லை.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர் குடி வருகிறாராம். அப்பா காரணம் கேட்டுச் சண்டை போடுவார் என்று பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டு மேலே வந்து உட்கார்ந்தார். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை, ஆட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று அம்மாகூடக் கேட்கவில்லை. இரண்டு தடவை குழாயைத் திறந்து பார்த்து மூடினாள். அவளுக்கு அந்தத் தண்ணீர் போகப் போகிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றும்போது அண்ணன் கேட் வரைக்கும் வந்தார். அடுத்த லீவில் ஆட்டத்தை முடிப்போம் என்றார். நான் நம்பினேன்.

சொந்தக்காரர் யாரும் வரவில்லை. ஸ்கூல் வேன் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் மாடியில் டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டிருந்ததை நானும் தம்பியும் பார்த்தோம். வீடு காலியாகத்தான் இருக்கிறது, நாம் திரும்பிப் போய்விடலாம் என்று ஓடிவந்து அப்பாவிடம் சொன்னோம். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புது வீடு ஊருக்கு வெளியே, வயலைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் இருந்தது. மேலே ஷீட் போட்ட இரண்டு அறை. தண்ணீர் லாரியில் வரும், அம்மா குடத்தோடு நிற்பாள். இந்தமுறை அப்பா கேட்பதற்கு முன்பே ஊரையும் தெருவையும் சொல்லித்தான் வீடு பிடித்தாராம். அந்த வீட்டுக்காரர் அதற்குத் தகுந்தபடி வாடகையை ஏற்றிக்கொண்டார்.

நாங்கள் போன சில நாளில் பெரியப்பா வந்தார். அங்கே மாடி கிடையாது, கேட்டும் கிடையாது. இருந்தாலும் அவர் தெரு முனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற மண்ணில் வெறுங்காலோடு நடந்து வந்தார். போச்சு, அப்பா இப்போது பல்லைக் கடிக்கப் போகிறார் என்று நானும் தம்பியும் வாசலில் காத்துக்கொண்டு நின்றோம்.

அப்பா பெரியப்பாவின் காலைப் பார்த்தார். "வாண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய பலவீனம் கோபம் என்றுதான் நான் கணக்கு வைத்திருந்தேன். அது போய்விட்டது. நான் உள்ளே ஓடிப்போய், அப்பா சரியாகிவிட்டார் என்று சந்தோஷமாக அம்மாவிடம் சொன்னேன்.