கிரீடமா, இரும்புத் தொப்பியா: கூத்து உடுப்புக்காக மனோர் பார்க்கிலிருந்து பொண்ட் ஸ்ட்ரீட் வரை

வரும் ஞாயிறு கூத்து. என் தலையில் எதைப் போடுவது என்று போன வெள்ளி வரை முடிவாகவில்லை. அதனால்தான் சனிக்கிழமை இந்தப் பயணம்.

இந்த வருடம் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எடுத்திருப்பது பெருவைப் பிடித்த ஸ்பானியத் தளபதியின் கதை. பெருவில் அவன் செய்ததைக் கோயில் மண்டபத்தில் ஆட முடியாது. ஆகவே இளமைக்காலம் மட்டும். பனாமாவில் இன்னொருவனுக்குக் கீழே வேலை செய்கிறான். அந்தத் தலைவனோடு காடு கடந்து பசிபிக் கடலைப் பார்க்கிறான். சில வருடங்களில், ஆளுநர் சொன்னதும், அதே தலைவனைக் கைதுசெய்கிறான். அந்த வேடம் எனக்கு.

மன்னார்க் கூத்தில் யார் மேடைக்கு வந்தாலும் கண்ணாடி ஒட்டிய கிரீடம்தான். உடுப்புப் பொறுப்பான ஜெசி அக்கா எனக்கும் ஒன்று செய்துவிட்டார். நான் ஏற்கெனவே இணையத்தில் 42 பவுணுக்குக் கொண்டை வைத்த இரும்புத் தொப்பி வாங்கியிருந்தேன். கிரீடம் என்றால் மேடை ஏறமாட்டேன் என்றேன்.

“ஏறாட்டி விடு. என்ர மனிசன் ஏறுவார். பாட்டெல்லாம் அவருக்குப் பாடம்.”

மூன்று மாத ஒத்திகை வீணாகிவிடுமே! கடைசியில், பொண்ட் ஸ்ட்ரீட் பக்கம் பழைய ஆயுதங்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு இருவருமாகப் போய்ப் பார்த்து முடிவெடுப்பது என்று ஒத்துக்கொண்டோம்.

மனோர் பார்க்கில் 10.40க்கு எலிசபெத் லைன் ரயில். மாறத் தேவையில்லை, பொண்ட் ஸ்ட்ரீட்டுக்கு ஏறக்குறைய 25 நிமிடம். அங்கிருந்து பத்து நிமிட நடை. அனுமதி இலவசம். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆயுதங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடத்துக்கு நீங்களே இரும்புத் தொப்பியோடு போகாதீர்கள். காவலாளிக்கு விளக்கம் சொல்லவே கால் மணி போனது.

உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், அச்சு அசல் என் தொப்பி.

“பார்த்தீங்களோ அக்கா?”

“ஓம், பார்த்தன். கீழ எழுதியிருக்கிறதையும் வாசி.”

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று இருந்தது. எங்கள் கதை அதே நூற்றாண்டின் தொடக்கம்.

“ஆள் செத்தாப்பிறகு வந்த தொப்பியையோ அவருக்குப் போடப் போறாய்? நீயெல்லாம் என்ன இன்ஜினியர்?”

“அப்ப கிரீடம் எங்கயிருக்கு? காட்டுங்கோ பாப்பம்.”

அறை அறையாகத் தேடினோம். அக்காவாலும் காட்ட முடியவில்லை. வெளியே படியில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தபடி சொன்னார்: “கிரீடம் ஆளுநருக்கு. பிடிக்கச் சொல்லுறது அவர்தானே. நீ வெறுந்தலையோட வா.”

“ஒண்டுமே இல்லாமலோ?”

“ஏலாதெண்டால் சொல்லு, மனிசனுக்கு இப்பவே போன் அடிக்கிறன்.”

ஏலும் என்றேன். ஆனால் திரும்பும் ரயிலில்தான் உறைத்தது. இவ்வளவு நாளும் கைதுக் காட்சியில் தொப்பியை மட்டுமே யோசித்திருக்கிறேன். காட்டில் கூடவே நடந்த தலைவனின் கையைக் கட்டும்போது முகத்தை எப்படி வைப்பது என்று யோசிக்கவே இல்லை. நெற்றியை மறைக்க இப்போது எதுவும் இல்லை.

போகிறவர்களுக்கு: சனி என்றால் பதினொன்றரைக்கு முன் போய்விடுங்கள், பிறகு கூட்டம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எதையும் வாங்குவதற்கு முன் அது எந்தக் காலத்தது என்று பாருங்கள், பிறகு அல்ல. ஞாயிறு ஐந்து மணிக்கு மண்டபம் திறக்கும். தலையில் ஒன்றும் இல்லாமல் வருபவன் நான்.